விசாரணையும் விசாரிப்பும்

(அம்பத்தூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘நம் பக்கம் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர்களோடு பேசுவது எப்படி?’ இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரம்மா சிரித்தார். “உங்களைப் பேசச் சொல்லிக் கூட்டமா? பேசாம இருக்கச் சொல்லித்தானே கூட்டம் போடணும்!” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒருவருக்குப் பேச்சுக் கொடுக்கப் போய், பேச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். அம்பத்தூர் ரயில் நிலையத்தில் ஆவடி வண்டிக்கு நிற்கிறேன். பக்கத்தில் உயரமாக ஒரு பிள்ளை, தோளில் பை, காதில் பாட்டு. வண்டி வந்தது, ஏறினோம், எதிரெதிரே இடம் கிடைத்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எந்த நாடு? தான்சானியா. எந்தக் காலேஜ்? எத்தனையாவது வருஷம்? ஃபீஸ் எவ்வளவு? யார் கட்டுகிறார்கள்? அப்பாவுக்கு என்ன வேலை? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்றா? ஏன் இன்னும் ஆகவில்லை? திருமுல்லைவாயில் போயிற்று, அண்ணனூர் போயிற்று, என் கேள்வி நிற்கவில்லை. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஆவடியில் இறங்கும்போது திரும்பி நின்று, ரொம்ப மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “சார், நீங்க போலீஸா?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன தப்பு செய்தேன்? கோபமாகக் கேட்டேனா? இல்லை. கேலி செய்தேனா? இல்லை. அன்பாகத்தானே கேட்டேன்! பிறகு ஏன் அந்தப் பிள்ளைக்குப் போலீஸ் நினைவு வந்தது?

யோசித்தபோது நம் மொழியே எனக்கு விடை சொன்னது. ‘விசாரி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதிலிருந்து இரண்டு சொல் கிளைக்கிறது. ஒன்று விசாரணை. இன்னொன்று விசாரிப்பு. வேர் ஒன்றுதான். ஆனால் விசாரணை நடக்கும் இடம் காவல் நிலையம். விசாரிப்பு நடக்கும் இடம் திண்ணை. விசாரணையில் கேட்பவருக்குத் தகவல் வேண்டும். விசாரிப்பில் கேட்கப்படுகிறவர் நன்றாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். நான் திண்ணையில் உட்கார்ந்ததாக நினைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. இன்று நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

நண்பர்களே, அயலாரோடு பேசுவது என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதா? கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். 1950 வாக்கில் இங்கே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. முருகப்பா குழுமம், இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு கைகோத்துத் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அதே அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இத்தனைக்கும் ஆள் எங்கிருந்து வந்தது? ஆந்திராவிலிருந்து வந்தது, கேரளத்திலிருந்து வந்தது, வட ஆற்காட்டிலிருந்து வந்தது, தெற்கே நெல்லையிலிருந்து வந்தது. இந்த அரங்கில் தாத்தா காலத்திலிருந்து அம்பத்தூர்க்காரர் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று. பார்த்தீர்களா? மற்ற எல்லோரும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தான்.

நானும் அப்படி வந்தவன்தான். 1979-இல் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கினேன். வாடகைக்கு அறை தேடினேன். முதல் வீட்டில் கேட்டார்கள், “நீங்க என்ன ஆளுங்க?” இரண்டாவது வீட்டில், “சம்பளம் எவ்வளவு வரும்?” மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெயில்ல சுத்தியிருக்கியே, ஏதாவது சாப்பிட்டியாப்பா?” என்றார். முதல் இரண்டும் விசாரணை. மூன்றாவது விசாரிப்பு. எந்த வீட்டில் ஏழு வருஷம் குடியிருந்தேன் என்று நான் சொல்ல வேண்டுமா?

அன்று தொழிலாளி வந்தான். இன்று மாணவன் வருகிறான். ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, போரூர், தண்டலம் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021–22-ஆம் ஆண்டுக்கான கணக்கு இருக்கிறது. இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். 170 நாடுகளிலிருந்து வந்தவர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் நேபாளத்துப் பிள்ளைகள். அந்த 170 நாடுகளில் சில நாடுகள் இப்போது காரையான்சாவடி பேருந்து நிறுத்தத்தில் நம் பக்கத்தில் நிற்கின்றன. நம் மளிகைக் கடையில் முட்டை வாங்குகின்றன.

அவர்களுக்கு விசாரணை நடக்காமல் இல்லை. விசா எடுக்கும்போது விசாரணை. விமான நிலையத்தில் விசாரணை. நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் விசாரணை. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இங்கே வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் கேட்க வேண்டியதை அரசாங்கம் கேட்டுவிட்டது. அதே படிவத்தை டீக்கடையில் நாமும் ஒருமுறை நிரப்ப வேண்டுமா?

சரி, விசாரணை வேண்டாம். விசாரிப்பு எப்படி இருக்கும்? ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். நம் ஆள் ஒருவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன கதை.

1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு இளைஞர் கப்பல் ஏறினார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். பெயர் சீனிவாச ராமானுஜன். போன இடம் கேம்பிரிட்ஜ், டிரினிட்டி கல்லூரி. வரவழைத்தவர் ஹார்டி, அன்றைய பெரிய கணித மேதை. ராமானுஜனின் கணக்கைப் பற்றிக் கேட்க அங்கே ஆள் இருந்தது. ராமானுஜனைப் பற்றிக் கேட்க ஆள் இருந்ததா?

அதே கேம்பிரிட்ஜில் வங்காளத்துப் பிள்ளை ஒருவரும் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ்தான் அவர். ஒருநாள் ராமானுஜனைப் பார்க்க அவர் அறைக்குப் போனார். நல்ல குளிர். ராமானுஜன் கணப்படுப்புக்கு அருகே உட்கார்ந்திருந்தார். மகலனோபிஸ் கேட்டார்: ராத்திரியில் குளிர் தாங்குகிறதா?

எவ்வளவு சின்னக் கேள்வி! தாங்கவில்லை என்றார் ராமானுஜன். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தார். போர்வைகள் இருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். போர்வையைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. பாயை விரித்து, போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்த கும்பகோணத்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? போர்வைகளுக்கு மேலேயே படுத்து அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். எண்களின் ரகசியமெல்லாம் தெரிந்தவருக்குப் போர்வையின் ரகசியம் தெரியவில்லை. அவராகக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். வெட்கம். புது ஊரில் எதைக் கேட்பது, எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியாத தயக்கம். அந்த வெட்கத்தை உடைத்தது ஒரே ஒரு கேள்வி: குளிர் தாங்குகிறதா?

அப்படியானால் ஹார்டி கேட்கவில்லையா? 1936-இல் அமெரிக்காவில் ராமானுஜனைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது அவரே மனம் திறந்து சொன்னார். ராமானுஜன் இளமையில் எந்தெந்தப் புத்தகங்களைப் படித்திருந்தார் என்பது அவரையே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அநேகமாகத் தினமும் பார்த்தவர்தான் ஹார்டி. ஆனால் தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவரிடம் பழங்கதை கேட்கத் தோன்றவில்லை என்றார். அன்பு இருந்தது, மதிப்பு இருந்தது, கேள்விதான் இல்லை. நம் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது ரசம் சம்பந்தப்பட்டது. ராமானுஜன் ஒருமுறை தம் கையால் சமைத்து, வட இந்திய நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டாம் முறை கேட்டார், வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை கேட்டார், பெண்கள் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணோம். தேடுகிறார்கள், ஆளே இல்லை! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. தாம் பரிமாறியதைப் பெண்கள் மறுத்ததில் மனம் புண்பட்டு, ஊரைவிட்டே கிளம்பிப் போயிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் இதில் யார் மேல் தப்பு? அந்தப் பெண்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. ராமானுஜனுக்கு, ‘போதும்’ என்ற சொல் ‘நீ வேண்டாம்’ என்று கேட்டுவிட்டது. ஒரே நாட்டுக்காரர்களுக்குள்ளேயே இப்படி என்றால், எத்தியோப்பியாவிலிருந்து வந்த பிள்ளைக்கும் நமக்கும் நடுவில் எத்தனை ரசம் சிந்தும்?

நான் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு ஷாஃப்ட்டை ஒரு புஷ்ஷுக்குள் பொருத்துகிறோம். ரொம்ப டைட்டாகப் பொருத்தினால் என்ன ஆகும்? சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும், மெஷின் நின்றுவிடும். ரொம்ப லூசாக விட்டால்? கடகடவென்று ஆடும். நடுவே மயிரிழை அளவு கிளியரன்ஸ் விட வேண்டும். எண்ணெய் நிற்க இடம் வேண்டும். அந்த இடம் இருந்தால்தான் சுற்றும். புது ஆளோடு பேசுவதும் அப்படித்தான். ‘அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை’ என்பது ரொம்ப டைட். பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வது ரொம்ப லூஸ். ‘வெயில் தாங்குதாப்பா?’ என்பது சரியான ஃபிட். பதில் சொல்ல விருப்பமிருந்தால் அந்தக் கேள்வியிலிருந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். விருப்பமில்லை என்றால் ‘தாங்குது அங்கிள்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். நல்ல கேள்விக்கு எப்போதும் வாசல் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்.

டைட்டான கேள்விகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். “நீ ஆப்பிரிக்காவா?” ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன, ஐயா. நம்மைப் பார்த்து “நீ ஆசியாவா?” என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்? “உங்க ஊர்ல வீட்டுக்குப் பக்கத்துல சிங்கம் வருமா?” அந்தப் பிள்ளை பெரிய நகரத்தின் பத்து மாடிக் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும், சிங்கத்தை வண்டலூர் உயிரியல் பூங்காவில்தான் முதலில் பார்த்திருக்கும். கேட்காமலேயே தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது. கேட்காமலேயே கூட நின்று செல்ஃபி எடுப்பது. இன்னொன்று, மனசு வலிக்கிற ஒன்று. அருணாசலத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளைப் பார்த்து, “நீ சைனாவா?” என்று கேட்பது. வடக்கே வேலைக்குப் போன நம் அண்ணன்மார்களை, தமிழன், மலையாளி, தெலுங்கன் என்று பாராமல் ‘மதராஸி’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்களே, அப்போது நமக்கு வலித்ததா இல்லையா? வலித்ததை மறந்தவன்தான் திருப்பி வலிக்க வைப்பான்.

சில சமயம் கேள்வி தேவையே இல்லை. சூடான் நாட்டில் 2023 ஏப்ரலில் போர் மூண்டது. அந்த நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நம்மவர்கள், “உங்க ஊர்ல சண்டையாமே? எத்தனை பேர் செத்தாங்க?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெட்டிக்கடை அம்மாவையும் பார்த்தேன். அவர் கேட்டது இரண்டே சொல்: “வீட்டுல பேசினியா?” பிள்ளைக்கு அரைகுறையாகப் புரிந்தது. கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, சிக்னல் இல்லை என்று தலையை ஆட்டினான். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். முன்னவர்கள் செய்தி கேட்டார்கள். அந்த அம்மா பிள்ளையை விசாரித்தார்.

அப்படியென்றால் எதைத்தான் பேசுவது என்கிறீர்களா? சாப்பாட்டைப் பேசுங்கள்! தமிழனுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் திருந்திவிட்டேன் என்று நினைத்துத்தானோ என்னவோ, பிறகு எங்கள் வீட்டு மாடியை மூன்று மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டோம். எத்தியோப்பியா ஒருவர், நேபாளம் ஒருவர், தான்சானியா ஒருவர். இல்லை, ரயிலில் பார்த்த பிள்ளை இல்லை. அவன் என் வீட்டுக்கு வருவானா? என் வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

எப்படி நடந்தது? ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். எத்தியோப்பியப் பிள்ளை வாடகை கொடுக்க வந்தவன், சமையலறை வாசலில் நின்று கல்லையே பார்த்தான். மாவில் குமிழ் வெடித்துக் கண் கண்ணாகத் திறப்பதைப் பார்த்தான். இவர் கரண்டியால் தோசையைக் காட்டி, “உங்க ஊர்ல?” என்றார். அவ்வளவுதான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “இஞ்செரா!” என்றான். டெஃப் என்ற சிறு தானியத்தை அரைத்து, சில நாள் புளிக்கவைத்து, வட்டக் கல்லில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்களாம். மேலே நம் ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். வலது கையால்தான் பிய்த்துச் சாப்பிட வேண்டும். பிரியமானவர்களுக்குத் தன் கையால் ஒரு கவளம் உருட்டி வாயில் ஊட்டுவார்கள். அதற்கு ‘குர்ஷா’ என்று பெயர். கேட்டுக்கொண்டிருந்த இவர் எனக்குத் தமிழில் சொன்னார், “பாருங்க, நிலாச்சோறு அங்கேயும் இருக்கு!” இவ்வளவையும் அவன் கையாலும் காலாலும் கைப்பேசிப் படத்தாலும் சொல்லி முடிக்கும்போது நான்கு தோசை உள்ளே போயிருந்தது. பெரிய இங்கிலீஷ் வேண்டியிருந்ததா? சத்தம் போட்டுப் பேச வேண்டியிருந்ததா? நம்மில் சிலருக்கு ஒரு நம்பிக்கை, புரியாத ஆளிடம் உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்று. அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, ஐயா! மெதுவாகச் சொல்லுங்கள், சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள், பொருளைக் காட்டிச் சொல்லுங்கள்.

நேபாளத்துப் பிள்ளை ஒருநாள் சொன்னான், “ஆன்ட்டி தினமும் ‘சாப்ட்டியா’ என்கிறார். எங்கள் ஊரிலும் பார்த்தவுடன் அதைத்தான் கேட்போம், ‘கானா கானு பயோ?’ என்று.” தான்சானியப் பிள்ளை என்னைக் காலையில் பார்த்தால், “ஷிகமூ” என்பான். பெரியவர்களுக்கு மட்டுமே சொல்லும் வணக்கம் அது. பெரியவர் திருப்பி “மரஹபா” என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் முதல் மாதம் முழுவதும் நான் “குட் மார்னிங்” சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தெரிந்துகொண்டு “மரஹபா” என்றேன். பிள்ளை மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவன் மொழியில் கடைக்கு ‘துகா’ என்று பெயர், வண்டிக்கு ‘காரி’, சப்பாத்திக்குச் ‘சபாத்தி’யேதான். இந்துமாக் கடலில் பாய்மரம் போன காலத்திலிருந்து ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போக்குவரத்து இன்று தொடங்கியதில்லை.

இதைவிடப் பழைய போக்குவரத்தும் உண்டு. நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் எங்கே போகும்? திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிக் காஞ்சிபுரம் போகும். அந்தக் காஞ்சிக்கு ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில், பல்லவர் காலத்தில், ஒரு அயல்நாட்டு மாணவர் வந்தார். சீனத்திலிருந்து புறப்பட்டு, பாலைவனமும் பனிமலையும் கடந்து, நாளந்தாவில் படித்து, தெற்கே வந்த யுவான் சுவாங். அங்கிருந்து இலங்கைக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆனால் இலங்கையிலிருந்து காஞ்சிக்கு வந்திருந்த பிக்குகள், எங்கள் மன்னர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்றார்கள். அவர் கடல் தாண்டவில்லை. ஆனால் அவர் பயணக் குறிப்பில் இலங்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது! எப்படி எழுதினார்? பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதினார். காலால் போக முடியாத நாட்டுக்குக் காதால் போனார். நம் மக்களைப் பற்றியும் எழுதினார்: துணிவுள்ளவர்கள், நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் புகழை நாம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். இன்று நம் பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையும் ஊருக்குப் போய் நம்மைப் பற்றி ஏதோ சொல்லத்தான் போகிறது. என்ன சொல்லும்?

கல்லூரிப் பிள்ளைகளே, இந்த இடம் உங்களுக்கு. உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு, நீங்கள் ஒரு பெஞ்சு. கேன்டீனில் நீங்கள் ஆறு பேர் தமிழில் ஏதோ சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். நடுவில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, என்ன என்றே புரியாமல், தானும் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்தமுறை உங்களுக்குச் சிரிப்பு வராது. ஒரே ஒரு ஆள் திரும்பி, என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். ஜோக் செத்துப்போகும்; பரவாயில்லை, ஆள் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று. புது ஆளுக்கு நீங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கும் தமிழ் எது என்று எனக்குத் தெரியும். அவன் அதை நல்ல வார்த்தை என்று நம்பி டீ மாஸ்டரிடம் போய்ச் சொல்வான். அடி அவனுக்கு, சிரிப்பு உங்களுக்கு. அதற்குப் பதில், “அண்ணா, சில்லறை இல்லை” என்று சொல்லிக்கொடுங்கள். இந்த ஊரில் ஒருவன் பிழைக்க அந்த மூன்று சொல் போதும்!

விருந்தோம்பலைப் பற்றிப் பேசும் மேடையில் புறநானூற்று வரி ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது வழக்கம். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவதில்லை. அதைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு, சுவருக்குக் கீழே நிற்கிறவனிடம் பேசாமல் போவதுதான் நமக்குப் பழக்கமாகிவிட்டது.

எனக்கு ஒரே ஒரு சொல் போதும்: ‘கேள்.’ தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். கேள்வி கேட்பதும் கேட்பதுதான், பதிலைக் கேட்பதும் கேட்பதுதான். நான் ரயிலில் பாதி ‘கேள்’ மட்டும் செய்தேன். பதில் வரும்போதே அடுத்த கேள்வியை நாக்கில் ஏற்றிவைத்துக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

போன கோடையில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வாசல் படியில் வந்து உட்கார்ந்தோம். நான், என் பேரன், தான்சானியப் பிள்ளை. “வெயில் தாங்குதா?” என்றேன். “எங்கள் ஊரும் கடற்கரைதான் அங்கிள், பழக்கம்தான்” என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும். பத்து முடிந்தது. தெருவில் நாய் குரைத்தது. அப்புறம் அவன் என் இடது கையைப் பார்த்தபடி, மெதுவாக, “அங்கிள், இந்த விரலுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டான்.

இதோ, இந்த விரல். நுனி இருக்காது. 1986-இல் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் போனது. நாற்பது வருஷமாக என் வீட்டில் எல்லோரும் பார்க்கும் விரல். தினமும் பார்ப்பதால் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அன்று நைட் ஷிப்ட் என்பதைச் சொன்னேன், மெஷினை நிறுத்த ஓடிவந்த நண்பனைச் சொன்னேன், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி போனதைச் சொன்னேன், மறுநாள் என் வீட்டுக்காரம்மாவிடம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை நடுவில் ஒரு சொல் பேசவில்லை. கேட்டான். இரண்டு பொருளிலும் கேட்டான்.

கரண்ட் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், என் பேரன் வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “தாத்தா, இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?” என்றான்.

நீ விசாரிக்கவே இல்லையேடா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நானும் அவனை விசாரித்து எத்தனை நாள் ஆயிற்று?

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள். பேருந்து நிறுத்தத்தில் யாராவது ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். ஒரே ஒரு கேள்வி. பிறகு பத்து வரை எண்ணுங்கள்.